நான் வைக்காத பொட்டு

அக்டோபர் 14, வெள்ளி

நான் மறுபடி பொட்டு வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டேன் என்று சொல்கிறார்கள். இல்லை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் என் கணவர் இறந்த மறுநாள் காலை, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானே எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அதன் பிறகு வைக்கவில்லை. கவர்னர் டெல்லிங்கரின் தேர்தல் அட்டையில் என் நெற்றியில் இருப்பது அவருடைய ஆட்கள் கம்ப்யூட்டரில் வைத்தது.

நான் கவர்னரின் ஆதரவாளர் என்றும் சொல்கிறார்கள். அதுவும் இல்லை.

அட்டை இன்று மதியத் தபாலில் சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களோடு வந்தது. வழவழப்பான தாள். பின்னால் நவராத்திரிக் கொலு. முன்னால் நான். கவர்னர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். கீழே, "நம் மூத்தோர் பேசுகிறார்கள். கவர்னர் டெல்லிங்கர் கேட்கிறார்." பொட்டு செங்கல் நிறம், ஒரு ரூபாய் அகலம். அதுவும் நடுவில் இல்லை, இடது புருவத்தின் பக்கமாக நழுவியிருக்கிறது. என் வாழ்நாளில் நான் கோணலாகப் பொட்டு வைத்ததில்லை.

எனக்கு முன்பே என் தங்கை மங்கை அதைப் பார்த்துவிட்டாள். பாளையங்கோட்டையில் இருக்கிறாள், ஆனால் வாட்ஸ்அப்புக்குத் தபால்காரர் வேண்டாம். காலையிலேயே படத்தை எனக்கும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏக்கா, பொட்டு வச்சிட்டியாமே! நல்லதுதாம்க்கா. இப்பல்லாம் எல்லாரும் வைக்காங்க."

"நான் வைக்கலை."

"படத்துல இருக்கே?"

"படத்துல வச்சிருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. "சரி, அது யாரு கவர்னரா? கவர்னருக்கு எதுக்கு எலெக்‌ஷன்? டெல்லியிலேருந்துதான அனுப்புவாங்க?"

"இங்க அமெரிக்காவுல கவர்னர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி. ஜனங்க ஓட்டுப் போடணும். நாலு வருஷம் இருந்துட்டார், இன்னும் நாலு வருஷம் கேக்கார்."

"அப்போ முதலமைச்சர் கையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கே! அத்தான் இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க."

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 15, சனி

மழை. முன்னறைத் திரைச்சீலைகளைத் துவைத்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி தன் தபால்பெட்டி அருகே நின்று, அட்டையை உயர்த்திக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினார். நானும் தலையசைத்தேன். மழையில் வேறென்ன செய்வது?

அக்டோபர் 16, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

என் கணவர் சிதம்பரநாதன் பாலங்கள் கட்டிய என்ஜினியர். சென்ற ஆண்டு ஜனவரியில் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு, மறுபடி நடக்கப் பழகுவதற்காக ஹாலோபர்ன் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். கொஞ்ச நாள்தான் என்று சொன்னார்கள். பிப்ரவரியில் பெரிய பனி. இல்லத்தின் கிழக்குப் பகுதியில் ஹீட்டர் நின்றுபோனது. சரிசெய்யாமல் ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தார்கள். "கால் ரெண்டும் சில்லுனு இருக்கு பிரமு" என்று போனில் சொன்னார். அந்த வாரமே நிமோனியா. அந்த வாரமே முடிந்தது.

பிறகு செய்தித்தாளில் வந்தது. செலவைக் குறைப்பதற்காக, முதியோர் இல்லங்களை ஆய்வு செய்பவர்கள் இனி நேரில் போக வேண்டாம், தொலைபேசியில் கேட்டால் போதும் என்று கவர்னர் அலுவலகம் உத்தரவு போட்டிருந்ததாம். ஹாலோபர்னையும் தொலைபேசியில் கேட்டார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டார்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதைத்தான் கொலுவில் கேட்கப் போனேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கொலு, உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். கணவர் போன பிறகு அங்கே எனக்கு ஒரு நாற்காலி உண்டு, கடைசி வரிசையில். தலைவரின் மனைவி கீதாலட்சுமி தாம்பூலப் பையை என்னிடம் தருவதற்கு முன்னால், அதிலிருக்கும் குங்குமப் பொட்டலத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவாள். நான் கவனிப்பதில்லை என்று நினைக்கிறாள்.

இந்த வருஷம் என் மகன் தாணு வந்து அழைத்தான். "கவர்னர் வர்றார்மா. நீ அவர்கிட்டயே நேராக் கேட்டுடலாம். நான் ஏற்பாடு பண்றேன்." அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். அது எனக்குப் பொருந்தும் என்று என் கணவர் சொல்வார். அதற்காகக் கட்டவில்லை.

கவர்னர் உயரமானவர், நல்ல பல்வரிசை. காகிதக் கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தார்கள். சாப்பிடுவதா கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல், படம் எடுத்து முடியும்வரை மெழுகுவர்த்தி மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். அவருடைய பிரசாரப் பொறுப்பாளர், பிரெண்டன் கோல் என்பவர், கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைச் சுட்டினார். "வெள்ளைத் தலை, சிவப்புப் பட்டு. அவர் வரட்டும்." குத்துவிளக்கு அருகே தயாராக நின்ற கீதாலட்சுமியை நகரச் சொன்னார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

கேட்டேன். என் ஆங்கிலம் கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தது, எந்தச் சபையிலும் தடுமாறாது. "ஐயா, என் கணவர் ஹாலோபர்ன் இல்லத்தில் குளிரில் இறந்தார். உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்தார். கண்கள் கலங்கியது போலவும் இருந்தன. "இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி" என்றார். விளக்குகள் பளிச்சிட்டன. பிறகு அடுத்தவர் கையைப் பிடித்தார்.

அதுதான் அட்டைப் படம். அதில் என் வாய் திறந்திருக்கிறது. "நேரில் போய்" என்ற இடம் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 18, செவ்வாய்

பிரசார அலுவலகத்துக்கு போன் செய்தேன். கவர்னரின் பதிவு செய்த குரல் ஐந்து முறை நன்றி சொன்னது. கடைசியில் எடுத்த ஒருவர், கவர்னருக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவேன் என்று கேட்டார். விடைத்தாள் இன்னும் வரவில்லை என்றேன். "பத்து என்று போட்டுக்கொள்ளலாமா மேடம்?" என்றார்.

அக்டோபர் 19, புதன்

எதிர்க்கட்சி வேட்பாளரின் ஆட்களும் கூப்பிட்டார்கள். விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. டிவி விளம்பரத்தில் என் கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர வேண்டுமாம். அரை நிமிடம். "நீங்கள் பேசவே வேண்டாம். கடைசியில் ஜன்னல் பக்கம் பார்த்தால் போதும். கண்ணீர் வந்தால் இன்னும் நல்லது."

என் கேள்வியைக் கேட்க விடுவீர்களா என்றேன். கேள்வி நீளமாக இருக்கிறது என்றார்கள்.

அவர்களுக்குப் பொட்டு. இவர்களுக்குக் கண்ணீர்.

அக்டோபர் 20, வியாழன்

பிரெண்டன் கோல் நேரில் வந்தார், கையில் ஒரு பூசணிக்காயோடு. இந்த மாதத்தில் இங்கே எல்லார் வாசலிலும் பூசணிக்காய் வைப்பார்கள். டீ கொடுத்தேன், காது உடைந்த கோப்பையில்.

"மிஸஸ் பிரமா, உங்களுக்கு ஏதோ மனக்குறை என்று கேள்விப்பட்டோம்."

"என் பெயர் பிரமநாயகி. இந்தப் பொட்டை வைத்தது யார்?"

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "கேமரா வெளிச்சத்தில் அது அழிந்துவிட்டது என்று எங்கள் டிசைனர் நினைத்தார். மற்றப் பெண்கள் எல்லாரும் வைத்திருந்தார்களே. உங்களுக்கு மட்டும் இல்லாவிட்டால் உங்கள் சமூகம் வருத்தப்படும் என்று திருப்பி வைத்தோம். மரியாதைக்காகத்தான் மேடம்."

"நான் விதவை. நான் வைப்பதில்லை. அதைத்தான் அந்த நிமிடத்தில் உங்கள் கவர்னரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்."

கோப்பையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அச்சுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மகனுக்கு அனுப்பினோமே. அவர் பார்த்து, அம்மா பெருமைப்படுவார் என்றாரே."

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

அக்டோபர் 21, வெள்ளி

பூசணிக்காயைச் சாம்பாரில் போட்டேன். ருசி இல்லை. அலங்காரத்துக்கு வளர்த்தது போலிருக்கிறது.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி

தாணுவும் மருமகள் பவானியும் வந்தார்கள். லட்டுப் பெட்டி, எனக்கு ஒரு சால்வை. சாப்பிட்டு முடிக்கும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அட்டையை மேஜைமேல் வைத்தேன்.

பவானிதான் முதலில் பேசினாள். "நல்லாத்தான் இருக்கு அத்தை. உங்களுக்கு அழகா இருக்கு."

"கோணலா இருக்கு. தாணு, நீ இதைப் பார்த்தியா?"

"போன்ல பார்த்தேன்மா. சின்னதாத் தெரிஞ்சுது."

"நான் வைக்கிறதில்லைனு உனக்குத் தெரியாதா?"

"அம்மா, ஒரு பொட்டு. அதுக்கு இவ்வளவா? எத்தனை பேர் உன்னைப் பத்திப் பேசறாங்க தெரியுமா? கீதா ஆன்ட்டி வயிறெரிஞ்சு போயிருக்காங்க."

"பொட்டு கிடக்கட்டும். என் கேள்விக்கு அவர் பதில் சொன்னாரா?"

"அதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கும்மா. வெளியில நின்னு கத்தினா ஒண்ணும் நடக்காது. உள்ள போனாத்தான் எதையும் மாத்தலாம்."

"உள்ளேன்னா எங்க?"

அவன் லட்டுப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தான். பவானி, "ஏதோ கமிட்டியாம் அத்தை, எலெக்‌ஷன் முடிஞ்சதும்..." என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

"உங்கப்பாவை அங்க விட்டுட்டு வந்த அன்னிக்கு நீ அவர்கிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"அம்மா, ப்ளீஸ்."

நிறுத்திக்கொண்டேன். நல்ல நாளில் எதற்கு?

ஹாலோபர்னைத் தேர்ந்தெடுத்தது தாணு. அவனுடைய ஆபீசுக்கு மிக அருகில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் எட்டிப் பார்க்கலாம் என்று சொன்னான். நியாயமான காரணம்தான். நான் கார் ஓட்டுவதில்லை, பனியில் சாலையெல்லாம் மூடிக்கிடந்தது. அந்தக் குளிர்காலம் அவனுக்கு வேலை அதிகம். ஆனால் தினமும் தவறாமல் அவருக்குப் போன் செய்தான். "அப்பா நல்லாருக்கேன்னுதான்மா சொல்றார்" என்று சாயங்காலம் எனக்கும் போன் செய்வான்.

சால்வை கம்பளி. நல்ல கதகதப்பு. பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 26, புதன்

என் நெற்றியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாதவளைப் போல.

கான்வென்ட் வாசலில் தலைமைச் சகோதரி ஈரக் கைக்குட்டையோடு நிற்பார். உள்ளே போகும்போது எங்கள் பொட்டையும் திருநீற்றையும் துடைத்துவிடுவார். சாயங்காலம் வீட்டுப் படி ஏறுவதற்குள் அம்மா மறுபடி வைத்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார், இன்னும் கொஞ்சம் பெரிதாக வை என்பார். அமெரிக்கா வந்த புதிதில் நூலகத்தில் ஒரு கிழவி, இரத்தமா என்று கேட்டு டிஷ்யூ நீட்டினாள். என் கணவர்தான் ஒன்றும் சொன்னதில்லை. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார், கடிகாரம் பார்ப்பது போல.

அவர் பார்ப்பது நின்றதும் எடுத்தேன். என் நெற்றியில் நானாக முடிவு செய்தது அது ஒன்றுதான். அதைத்தான் மாநிலம் முழுக்க வீடு வீடாகப் போட்ட அட்டையில் மாற்றிவிட்டார்கள்.

நவம்பர் 2, புதன்

எங்கள் ஊர் நூலகத்தில் கவர்னரின் கேள்வி-பதில் கூட்டம். தேர்தலுக்கு முன் இந்தப் பகுதியில் கடைசி. பவானி அழைத்துப் போனாள். தாணுவிடம் சொல்லவில்லை என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

மைக்குக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பள்ளிப் பேருந்தைப் பற்றிக் கேட்டார். என் முறை வந்ததும் பிரெண்டன் கோல் கவர்னரின் காதில் ஏதோ சொன்னார். கவர்னரின் முகம் மலர்ந்தது.

"நண்பர்களே, இவரைத் தெரிகிறதா? என் அட்டையில் இருக்கும் அம்மா இவர்தான்!"

கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள்.

"எப்படி இருக்கிறீர்கள் மேடம்? உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்? செவ்வாய்க்கிழமை அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கு ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்!"

சிரிப்பு. இன்னும் கைதட்டல்.

இந்தியப் பெண்கள் சிவப்புப் பொட்டு வைத்திருந்தால் கணவர் இருக்கிறார் என்று யாரோ அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அக்கறையாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். தன் அட்டையில் தானே வைத்த பொட்டைப் பார்த்து, என் கணவரை நலம் விசாரித்தார்.

"அவர் இறந்துவிட்டார்" என்றேன். "கொலுவில் உங்களிடம் சொன்னேன். ஹாலோபர்ன் இல்லத்தில். உங்கள் ஆட்கள் யாராவது நேரில்..."

மைக் என் கையில் இல்லை. ஒரு தொண்டர் கம்பில் பிடித்திருந்தார். கைதட்டலிலேயே அதை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டார். சாலையில் உள்ள குழிகளைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கினார். கவர்னர் அவர் பக்கம் குனிந்து கேட்டார். நன்றாகக் குனிகிறார்.

காரில் பவானி இரண்டு சிக்னல்களைத் தாண்டினாள். பிறகு, "அத்தை, நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன். அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது.

நவம்பர் 8, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

வெளியே வரும்போது வாக்களித்தேன் என்று அச்சடித்த வட்ட ஸ்டிக்கரை ஒரு பெண்மணி நீட்டினார். எங்கே ஒட்டட்டும் என்று கேட்டார். வேண்டாம், என்மேல் ஒட்டியது போதும் என்றேன்.

நவம்பர் 9, புதன்

டெல்லிங்கர் ஜெயித்துவிட்டார். தாணு சந்தோஷமாகப் போன் செய்தான். தோசை மாவு இந்தக் குளிரில் புளிக்கவே இல்லை.

நவம்பர் 21, திங்கள்

செய்தித்தாளில் வந்திருக்கிறது. முதியோர் இல்லங்களின் ஆய்வு முறைகளைப் பற்றி ஆலோசனை கூற, கவர்னர் புதிய குழு அமைத்திருக்கிறார். உறுப்பினர்களில் ஒருவர் தாணுமாலயன் சிதம்பரநாதன். தகுதி என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: "தன் தந்தையை முதியோர் இல்லத்தில் வைத்துப் பராமரித்த நேரடி அனுபவம் உள்ளவர்."

அந்த வரியை அவன் கொடுத்தானா அவர்களாக எழுதினார்களா தெரியவில்லை. அச்சுக்கு முன்னால் அவனுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மங்கை கூப்பிட்டாள். "நம்ம தாணு அரசாங்கத்துல பெரிய ஆளாயிட்டானாமே! எல்லாம் உன் பொட்டு ராசிக்கா!"

"ஆமாம்" என்றேன். பால் பொங்குகிறது என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் தாணு கூப்பிட்டான்.

"பார்த்தியாம்மா? உள்ள போனாத்தான் மாத்தலாம்னு சொன்னேனே."

"வாழ்த்துகள்."

"உன் கேள்வியை இனிமே நானே கேக்கலாம்மா."

"யார்கிட்ட கேப்ப?"

அவன் பதில் சொல்வதற்குள் வேறு அழைப்பு வந்துவிட்டது.

நவம்பர் 23, புதன்

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கவர்னரிடம் நான் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஆங்கிலத்துக்குப் பதில் எழுதுவதற்கு அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இதைத் தமிழில் எழுதினேன். அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். சொல்லிக்கொடுத்தது அவன் அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டு மேஜையில். பிரதியை இங்கே எடுத்து வைக்கிறேன்.

திரு. தாணுமாலயன் சிதம்பரநாதன் அவர்களுக்கு,
உறுப்பினர், முதியோர் இல்லங்கள் ஆலோசனைக் குழு.

ஐயா,

தாங்கள் பொறுப்பேற்றதற்கு வாழ்த்துகள்.

ஹாலோபர்ன் இல்லத்தின் கிழக்குப் பகுதியில் சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஹீட்டர் நின்றுபோனபோது, அங்கே என் கணவர் இருந்தார். தன் கால்கள் சில்லென்று இருப்பதாக என்னிடம் சொன்னார். மற்றவர்கள் கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு யாரையும் தொந்தரவு செய்யும் வழக்கம் இல்லை.

நான் அறிய விரும்புவது இரண்டே விஷயம். அந்த வாரத்தில் அரசாங்கத்திலிருந்து யாராவது நேரில் போய் அவரைப் பார்த்தார்களா? அரசாங்கம் அல்லாத வேறு யாராவது நேரில் போய் அவரைப் பார்த்தார்களா?

ஆம் அல்லது இல்லை என்று இருந்தால் போதும். காரணங்கள் தேவையில்லை.

தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
பிரமநாயகி சிதம்பரநாதன்